அலை இருக்கிறது, வேகம் எங்கே?

பழைய மடிக்கணினி ஒன்றில் புதிய இயங்குதளத்தை ஏற்றி முடித்தவர் அடையும் மகிழ்ச்சிக்கு ஆயுள் பெரும்பாலும் அரை நாள்தான். திரை ஒளிர்கிறது, விசைப்பலகை சொன்னபடி கேட்கிறது, பாட்டுப் போட்டால் பாடுகிறது, மூலையில் வைஃபைக் குறியும் நிறைந்து நிற்கிறது. ஆனால், பேராசிரியர் அனுப்பிய பாடக்குறிப்பை இறக்கத் தொடங்கினாலோ, நிலைக்கு வந்த தேரைப்போல் அசைய மறுக்கிறது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் அதே அறையில், அதே வைஃபையில், கைப்பேசியில் தடையின்றிப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்! "அண்ணா, அலை முழுதும் வருகிறதே, வேகம் மட்டும் ஏன் வரவில்லை?" என்று முதலாண்டு மாணவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, "கணினிக்கு வயதாகிவிட்டது போலும்" என்று விடையையும் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். அந்த விடை பெரும்பாலும் தவறு என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

இந்தக் கேள்வி இப்பொழுது மிகுதியாக எழுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளோ கடுமையானவை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியானால், ஒருசில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறைக்குக் கீழ் இருக்கலாகாது. எனவே, அண்ணன் படித்து முடித்துத் தம்பிக்குக் கொடுத்த கணினிகளும், தில்லி நேரு பிளேசிலும் சென்னை ரிச்சித் தெருவிலும் பேரம் பேசி வாங்கிய பழைய கணினிகளும் ஒரே நாளில் 'ஆதரவற்றவை' ஆகிவிட்டன. சிலர் லினக்ஸுக்கு மாறினர். சிலர் தடையைச் சுற்றிக்கொண்டு விண்டோஸ் 11ஐயே ஏற்றினர். பழைய மேக்புக் வைத்திருப்போர் சிலர் ஆப்பிள் கைவிட்ட கணினியில் புதிய மேக் இயங்குதளத்தை ஒட்டுப்போட்டு ஓட்டுகின்றனர். மூவகையினரும் முதலில் முட்டிக்கொள்வது பெரும்பாலும் வைஃபையில்தான். அவ்விடத்தில் மனம் சோர்ந்து கணினியைத் தள்ளிவிட்டால், புதியது வாங்கும் செலவு ஊரிலிருக்கும் தந்தையின் தலையில் விழுகிறது. ஆகையால் இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று.

முதலில் அந்த வைஃபைக் குறியைப் பற்றிய மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்வோம். அது வேகத்தைக் காட்டும் குறியன்று. ரூட்டரின் குரல் நம் கணினியின் காதில் எவ்வளவு உரக்க விழுகிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ரூட்டர் நொடிக்குப் பத்துமுறை அளவில் கூவிக்கொண்டே இருக்கும். அக்கூவலை எவ்வளவு பழைய கருவியும் புரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக, மிகக் குறைந்த வேகத்தில், மிக எளிய முறையில் அது அனுப்பப்படுகிறது. அது நன்றாகக் கேட்கிறது என்பதற்காக, இருவரும் வேகமாகப் பேசிக்கொள்ள முடியும் என்று ஆகிவிடாது. வடநாட்டுக் கடைக்காரர் உரக்கப் பேசினால் நமக்கு இந்தி விளங்கிவிடுகிறதா?

ஆம், இது மொழிச் சிக்கல்தான். வைஃபைக்குத் தலைமுறை தலைமுறையாக மொழிகள் உண்டு. அவற்றை வகுப்பது ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம், எல்லாவற்றிற்கும் 802.11 என்பது பொதுப்பெயர். 1999இல் வந்த 'பி' வகை நொடிக்கு 11 மெகாபிட். 2003இல் வந்த 'ஜி' வகை 54 மெகாபிட். 2009இல் நிறைவுற்ற 'என்' வகையில் ஓர் ஆன்டெனாவுக்கு அகலக் கற்றையில் 150. 2013இல் வந்த 'ஏ.சி.' வகையில் ஓர் ஆன்டெனாவுக்கு 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 433. 2021இல் வந்த 'ஏ.எக்ஸ்.' வகையில் அதே அகலத்திற்கு 600. இரண்டு ஆன்டெனா இருந்தால் இவை இரட்டிக்கும். ஒவ்வொரு புதிய கருவியும் பழைய மொழிகளையும் அறிந்தே வருகிறது. அந்த நல்ல குணமே நம்மை ஏமாற்றுகிறது: புதிய மொழியைப் பேச இயலாதபோது கருவி பேச்சை நிறுத்திவிடுவதில்லை, சத்தமின்றிப் பழைய மொழிக்கு இறங்கிவிடுகிறது. நமக்கோ 'இணைந்துவிட்டது' என்ற செய்திதான் தெரிகிறது.

இங்கே சொன்ன எண்களும் காற்றில் ஓடும் வேகமேயன்றிக் கைக்கு வரும் வேகமல்ல. ஒவ்வொரு பொட்டலம் அனுப்புவதற்கு முன்னும் கருவி காத்திருக்க வேண்டும், முன்னுரை கூறவேண்டும், 'பெற்றுக்கொண்டேன்' என்னும் மறுமொழிக்கு இடம் விடவேண்டும். 54 என்று எழுதியிருந்தால் கைக்குக் கிட்டுவது 20 முதல் 25 மெகாபிட் வரைதான். 'என்' வகை இதற்கு ஒரு வழி கண்டது. பல பொட்டலங்களை ஒரே கட்டாகக் கட்டி, ஒருமுறை காத்திருந்து, ஒரே மூச்சில் அனுப்பி, மொத்தமாக ஒரு மறுமொழி பெறும் முறை அது. ஊருக்குப் போக ஆறு நண்பர்கள் தனித்தனியே முன்பதிவு செய்வதற்கும், ஒரே சீட்டில் அறுவர் பெயரையும் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு என்று கொள்ளலாம். ஆகவே, 'ஜி' மொழிக்கு இறங்கிவிட்ட கணினி வேகத்தை மட்டும் இழக்கவில்லை. இந்தக் கட்டுக் கட்டும் வசதியையும் இழந்துவிடுகிறது.

சில்லு பேசக் கற்ற மொழியைக் கணினி ஏன் பேசவில்லை? வைஃபைச் சில்லு தானாக ஏதும் செய்வதில்லை. அதற்கும் இயங்குதளத்திற்கும் இடையே நின்று ஏவுகின்ற நிரல் ஒன்று வேண்டும். அதை 'இயக்கி' என்று எழுதுகிறோம். பேச்சில் எல்லோரும் 'டிரைவர்' என்றே சொல்வதால் இங்கும் அவ்வாறே வழங்குவோம். இது தவிர, சில்லுக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் என்னும் மற்றொரு நிரலும் உண்டு. பல சில்லுகளில் இது நிலையாகப் பதிந்திருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் கணினி எழும்போது டிரைவர்தான் அதைச் சில்லுக்குள் ஊட்டவேண்டும். எந்தச் சானலைப் பயன்படுத்துவது, ஆன்டெனாவுக்கு எவ்வளவு ஆற்றல் கொடுப்பது, அலைபரப்பியின் சிறு பிழைகளை எப்படிச் சரிக்கட்டுவது ஆகிய நுணுக்கங்கள் அனைத்தும் இவ்விரண்டு நிரல்களிலும் அடங்கியுள்ளன. சில்லு செய்த நிறுவனம் அந்த நுணுக்கங்களை வெளியிடாவிட்டால், மற்றவர்கள் தட்டித் தடவித்தான் கற்கவேண்டும். அடிப்படைப் பேச்சு எளிதில் பிடிபடும். வேகப் பேச்சின் இலக்கணம் பிடிபடுவதற்கு ஆண்டுகள் ஆகும். ஆதரவற்ற கணினியில் வைஃபை 'வேலை செய்கிறது, ஆனால் மெதுவாக' என்னும் விந்தைக்கு இதுவே வேர்.

பிராட்காம் சில்லுகளின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்ற தலைமுறையின் டெல், எச்.பி. மடிக்கணினிகள் பலவற்றிலும், ஆப்பிள் கணினிகளிலும் இச்சில்லுகள் இருந்தன. லினக்ஸுக்கென்று டிரைவரோ, சில்லின் அமைப்பை விளக்கும் ஏடோ நிறுவனம் நெடுநாள் தரவில்லை. முதலில் சிலர் குறுக்கு வழி ஒன்று கண்டனர். விண்டோஸுக்கென எழுதப்பட்ட டிரைவரையே லினக்ஸுக்குள் குடியேற்றி, 'நீ இருப்பது விண்டோஸில்தான்' என்று அதை நம்பவைக்கும் என்.டி.ஐ.எஸ். ராப்பர் என்னும் நிரல் அது. நாடகம் ஓடியது, ஆனால் வேடம் கலையும் போதெல்லாம் கணினி முழுதுமே உறைந்துபோகும்.

வேறு சிலர் கடினமான வழியை மேற்கொண்டனர். லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்னும் ரூட்டருக்குள் ஓடுவது லினக்ஸ்தான் என்பது 2003இல் வெளிப்பட்டது. அதிலிருந்த பிராட்காம் டிரைவரின் மூலம் கிடைக்கவில்லையாயினும், இயந்திர மொழி வடிவம் கையிலிருந்தது. அதை ஒரு குழுவினர் வரிவரியாகப் பிரித்துப் பார்த்து, 'இச்சில்லு இன்னின்னபடி நடக்கிறது' என்று குறிப்பு மட்டும் எழுதினர். அந்த இயந்திர மொழியைக் கண்ணாலும் காணாத மற்றொரு குழுவினர், குறிப்பைக் கொண்டு புதிதாக டிரைவரை எழுதினர். பதிப்புரிமை வழக்கு வாராதிருக்கவே இந்தத் தீண்டாமை! இவ்வாறு பிறந்த டிரைவர் 2006இல் லினக்ஸின் 2.6.17ஆம் பதிப்பில் இடம்பெற்றது. பின்னர் பி43 என்று பெயர் மாறியது. ஃபர்ம்வேரைப் பிறர் வழங்க நிறுவனத்தின் இசைவு இல்லாமையால், பயனரே பழைய டிரைவர் ஒன்றை இறக்கி அதிலிருந்து வெட்டியெடுத்துக்கொள்ளவேண்டும். அதற்கென்றே தனிக் கத்திரி நிரல் உண்டு. இத்தனை அரும்பாட்டிற்குப் பிறகும் அந்த டிரைவர் 'என்' வகைச் சில்லை 'ஜி' வேகத்தில்தான் ஓட்டுகிறது. சில்லின் மேல் 300 என்று அச்சிட்டிருக்கும், காற்றிலோ 54. 2012ஆம் ஆண்டின் மேக்புக் ப்ரோவிலுள்ள பி.சி.எம். 4331 சில்லைக் கொண்டு லினக்ஸ் ஓட்டுவோர் இதை நேரிற் காணலாம். பி43 எழுதியோரைக் குறைகூற மனம் வரவில்லை; கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிய வீடு அது. நிற்பதே வியப்பு.

பின்னாளில் பிராட்காமே முழு வேகம் தரும் டபிள்யூ.எல். என்னும் டிரைவரை லினக்ஸுக்கு வழங்கியது. ஆனால் அதன் உள்ளீடு மூடிய பெட்டி. நிறுவனம் வெளியிட்ட கடைசிப் பதிப்பு 2015ஆம் ஆண்டினது. லினக்ஸின் கருவகம் மாறும்போதெல்லாம் அப்பெட்டியின் வெளிப்புறத்தைத் தட்டிக்கொட்டிப் பொருத்தும் வேலையை உபுண்டு, டெபியன் போன்ற வழங்கல்களைப் பேணுவோர் செய்துவருகின்றனர். உள்ளே பாதுகாப்புப் பிழை இருந்தால் அதைத் திருத்துவார் எவருமில்லை. 2013ஆம் ஆண்டு மேக்புக் ஏரில் உள்ள பி.சி.எம். 4360 போன்ற சில்லுகளுக்கு இதைவிட்டால் வேறு கதியும் இல்லை.

இதற்கு நேர்மாறாக ஏதெராஸ் என்னும் நிறுவனத்தைச் சொல்லலாம். 2008இல் அது தன் 'என்' வகைச் சில்லுகளுக்கான ஏ.டி.எச்.9கே டிரைவரின் மூலத்தைத் திறந்த மனத்தோடு வெளியிட்டது. அதன் பி.சி.ஐ. வகைச் சில்லுகளுக்குத் தனியே ஃபர்ம்வேர் ஊட்டவும் வேண்டியதில்லை. அச்சில்லுள்ள பழைய மடிக்கணினியில் இன்று எந்த லினக்ஸைப் போட்டாலும், சில்லுக்குரிய முழு வேகம் முதல் நாளே கிடைக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒத்த வயதுடைய சில்லுகள். ஒன்று ஓடுகிறது, ஒன்று தவழ்கிறது. 'கணினிக்கு வயதாகிவிட்டது' என்னும் விடை ஏன் தவறு என்பது இப்போது விளங்கும்.

சில்லே புதிதாயினும், இயங்குதளத்துக்கு அதன் மொழி தெரியாவிட்டால் இதே கதிதான். ஃபிரீபி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்தில், இன்டெலின் புதிய அட்டைகளுக்கான டிரைவர் 2022இல் 13.1ஆம் பதிப்போடு வந்தபோது, நொடிக்கு ஆயிரம் மெகாபிட்டுக்கு மேல் பேசவல்ல அட்டைகளும் 'ஜி' காலத்து வேகத்திலேயே ஓடின. 'என்', 'ஏ.சி.' வேகங்கள் 2025 ஜூனில் வெளிவந்த 14.3ஆம் பதிப்பில்தான் வாய்த்தன. இடைப்பட்ட காலத்தில் பொறுமையிழந்த சிலர் செய்த வேலை சுவையானது. ஃபிரீபி.எஸ்.டி.க்குள் ஒரு சின்னஞ்சிறு லினக்ஸை மெய்நிகர் கணினியாக ஓடவிட்டு, வைஃபை அட்டையை அதனிடம் ஒப்படைத்து, அதன் வழியே இணையத்தைப் பெற்றார்கள். மொழி தெரியாத ஊரில் துபாஷி வைத்துக்கொள்வது நம் முன்னோர்க்கும் பழக்கமானதுதானே.

மேக் கணினிகளில் நிலைமை வேறு வகை. அங்கே டிரைவர் இருந்தது. ஆப்பிளே அதை நீக்கிவிட்டது. 2023இல் வந்த மேக் இயங்குதளம் சோனோமாவிலிருந்து பி.சி.எம். 4360 முதலிய பழைய சில்லுகளின் ஆதரவு எடுக்கப்பட்டது. ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்னும் கருவி, முந்தைய பதிப்பின் வைஃபைக் கோப்புகளைப் புதியதற்குள் திரும்பப் பதிக்கிறது. வேகம் திரும்பிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அவ்வாறு பதிப்பதற்கு இயங்குதளத்தின் முத்திரையை உடைத்து, காவலைச் சிறிது தளர்த்தவேண்டும். ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பிறகும் மறுபடி பதிக்கவேண்டும். வங்கிக் கணக்கும் ஆய்வுக் கட்டுரையும் இருக்கும் கணினியில் இதைச் செய்யலாமா என்று அவரவர் எண்ணிப்பார்க்க வேண்டும். செய்யவேண்டாம் என்பதே என் கருத்து. அதற்குப் பதில் சிறிய யு.எஸ்.பி. வைஃபைக் கருவியோ, கம்பி இணைப்போ நன்று. விண்டோஸ் 11ஐத் தடையை மீறி ஏற்றியோர்க்கு இத்தனை தொல்லையில்லை. விண்டோஸ் 10க்குரிய டிரைவர் பெரும்பாலும் அங்கும் ஏறிக்கொள்ளும். இயங்குதளம் தானாக இட்ட பொது டிரைவரை நீக்கிவிட்டு, கணினி செய்த நிறுவனத்தின் டிரைவரை இட்டுப் பார்த்தால் போதும். ஆனால் தகுதியில்லாத கணினிக்குப் புதுப்பித்தல்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கூறுவதில்லை என்பதை மறக்கவேண்டாம்.

"மெதுவானால் மெதுவாகவே இருக்கட்டும், என் கணினி, என் பொறுமை" என்று இருந்துவிடலாமா? விடுதியில் அவ்வாறு இருந்துவிட முடியாது. இதைப் பலரும் உணர்வதில்லை. ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். முறை எல்லோர்க்கும் சமம். ஆனால் ஒவ்வொருவரும் தம் முறையில் எடுத்துக்கொள்ளும் நேரம் சமமன்று. கணக்கிட்டுப் பாருங்கள். 1,500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தில் 12,000 பிட் உண்டு. 54 மெகாபிட்டில் பேசும் கணினி அதை 222 மைக்ரோநொடியில் சொல்லி முடிக்கும். 6 மெகாபிட்டில் பேசும் கணினிக்கு 2,000 மைக்ரோநொடி ஆகும். இருவரும் மாறிமாறி ஒவ்வொரு பொட்டலம் அனுப்பினால், 2,222 மைக்ரோநொடிக்கு ஒருமுறைதான் ஒருவர்க்கு முறை வரும். இருவர்க்கும் கிட்டுவது ஏறத்தாழ 5.4 மெகாபிட்தான். 54இல் பேசவல்லவர் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டார்! பந்தியில் ஒருவர் மெல்ல மெல்ல உண்ண, அடுத்த பந்திக்காரர் அனைவரும் வாசலில் நிற்பது போலத்தான். காற்றில் செலவாகும் நேரத்தையே பங்கிட்டுக் கொடுக்கும் புதிய ரூட்டர்கள் இத்தீமையைக் குறைக்கின்றன. பழைய ரூட்டருள்ள மாடியிலோ, ஒரு கணினி மூலையில் முனகிக்கொண்டிருந்தால் மாடி முழுதும் முனகவேண்டியதுதான். தேர்வுக் காலத்து இரவுகளில் 'இணையம் சரியில்லை' என்று கணினி மையத்தைத் திட்டுவதற்கு முன் நம் அறையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நியாயம்.

பார்ப்பது எப்படி? முதலில், அதே இடத்தில் அதே நேரத்தில் ஒரு கைப்பேசியில் வேகத்தை அளந்து பாருங்கள். அதுவும் மெதுவானால் குற்றம் உங்கள் கணினியில் இல்லை. கைப்பேசி வேகமாக இருந்தால், கணினி எந்த மொழியில் பேசுகிறது என்று காணவேண்டும். விண்டோஸில் வைஃபையின் பண்புகளைக் காட்டும் பக்கத்திலேயே 'புரோட்டகால்' என்றும் 'லிங்க் ஸ்பீட்' என்றும் எழுதியிருக்கும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபைக் குறியைச் சொடுக்கினால் தெரியும். லினக்ஸில் ஐ.டபிள்யூ. என்னும் கட்டளை சொல்லும். அது காட்டும் வேகத்தின் அருகில் எம்.சி.எஸ். என்னும் எழுத்துகள் இருந்தால் 'என்' அல்லது அதற்கு மேற்பட்ட மொழி. அவை இன்றி 54 அல்லது அதற்குக் கீழான எண் மட்டும் நின்றால் பழைய மொழி.

பழைய மொழிதான் என்று தெரிந்தபின்னும் டிரைவர்மேல் பழி போடுவதற்கு முன் ரூட்டரை ஒரு பார்வை பாருங்கள். டபிள்யூ.இ.பி., டி.கே.ஐ.பி. என்னும் பழைய மறையாக்க முறைகளை வைத்திருந்தால், 'என்' வேகத்தைத் தரக்கூடாது என்பது விதி. எத்துணைச் சிறந்த கணினியும் 54ஐத் தாண்டாது. அறையில் சொந்த ரூட்டர் வைத்திருப்போர் ஏ.இ.எஸ். முறைக்கு மாற்றினால் போதும், டபிள்யூ.எம்.எம். என்னும் அமைப்பையும் அணைக்காமல் விடவேண்டும். காசு செலவில்லாத மருந்து இது.

எம்.சி.எஸ். இருந்தும் எண் குறைவாக இருந்தால், அலைக்கற்றையைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி நெரிசல் மிகுந்தது. புளூடூத் அங்கேதான் இருக்கிறது; யு.எஸ்.பி. 3.0 கருவிகளும் கம்பிகளும் அப்பகுதியில் இரைச்சலை எழுப்புவதாக இன்டெலே 2012இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வெளி வட்டைக் கணினிக்கு அருகில் செருகியதும் வைஃபை தளர்வது மனப்பிரமையன்று. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியாவில் 2018இல் அதன் பெரும்பகுதி உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. ஆனால் கணினி தான் எந்நாட்டில் இருக்கிறது என்று அறியாவிட்டால், லினக்ஸ் அதை 'உலகப் பொது' விதியின் கீழ் வைக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் சானல்களில் தானாக வாய் திறவாமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்க விதியில் இருத்தப்பட்ட கணினிக்கோ 12, 13ஆம் சானல்கள் கண்ணிலேயே படா. நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று அமைத்தால் இத்தொல்லைகள் பல அட்டைகளில் நீங்கும். சில இன்டெல் அட்டைகள் மட்டும் சுற்றுப்புறத்தைக் கேட்டுத் தாமே முடிவு செய்யும்.

வேகம் சில வேளை நன்றாகவும் சில வேளை விட்டுவிட்டும் வருமானால், மின்சேமிப்பின் மேல் ஐயம் கொள்ளலாம். மின்கலம் நீடிக்கும்பொருட்டு அட்டை நொடியின் பகுதிகளில் கண்ணயர்கிறது; ரூட்டர் கூவும்போது விழித்துத் தனக்குப் பொட்டலம் உண்டா என்று கேட்கிறது. டிரைவர் இதைச் சரிவரச் செய்யாவிட்டால் விழிப்பதற்கு நேரமாகும். வைஃபைக்கு மட்டும் மின்சேமிப்பை நிறுத்திப் பாருங்கள்.

இவை எவற்றாலும் பயனில்லையென்றால் அட்டையை மாற்றலாம். பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் வைஃபை அட்டை தனியே கழற்றக்கூடிய சிறு பலகைதான். மினி பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், எம்.2 என இருவகைப் பொருத்துவாய்கள் உண்டு. உங்களுடையது எது என்று பார்த்தே வாங்கவேண்டும். இன்டெலின் ஏ.எக்ஸ். 200, 210 அட்டைகள் சாதாரண எம்.2 வாயில் வேலை செய்யும். 200க்கு லினக்ஸ் கருவகம் 5.1உம், 210க்கு 5.10உம் குறைந்த அளவு. ஆனால் 201, 211 என்று எண்ணிட்டவை, பாதி மூளையை இன்டெலின் புதிய செயலிகளுக்குள் வைத்திருப்பவை. பழைய கணினியில் அவை உயிர் பெறா. பார்வைக்கு ஒன்றுபோலிருப்பதால் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு. பழைய மடிக்கணினிகள் சிலவற்றில், தான் அங்கீகரித்த அட்டையன்றிப் பிறவற்றை ஏற்காத பூட்டை நிறுவனமே பயாஸுக்குள் வைத்திருக்கும்; வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். யு.எஸ்.பி. கருவி வாங்குவோர், பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பாமல் உள்ளேயுள்ள சில்லின் எண்ணைக் கேட்கவேண்டும். ஒரே பெயரில், ஒரே பெட்டியில், ஆண்டுக்கு ஒரு சில்லை வைத்து விற்கும் வழக்கம் இத்துறையில் உண்டு.

கடைசியாக ஒன்று: அட்டையின் மேல் இரண்டு மெல்லிய கம்பிகள் பொத்தான்போல் அழுந்தியிருக்கும். அவையே ஆன்டெனாக் கம்பிகள். திரையின் ஓரமாக மேலே ஏறிச் செல்பவை. தூசி துடைக்கவோ விசிறி மாற்றவோ யாரேனும் கணினியைத் திறந்திருந்தால், இவற்றுள் ஒன்று கழன்று கிடப்பதுண்டு. இணைப்பு இருக்கும், வேகம் பாதியாகும். அழுத்திவிட்டால் சரியாகிவிடும். இதைச் செய்யத் தயங்குவோர், தம் சில்லின் எண்ணையும் இயங்குதளத்தின் பதிப்பையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க அறைக்கு வரலாம்; உதவ நாங்கள் சிலர் இருக்கிறோம். சிறிய திருப்புளி கைவசம் உள்ளவர்கள் அதையும் எடுத்துவந்தால் நல்லது. சங்கத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்.